வலிப்பு நோயும் மூளையின் அழற்சியும்: நாம் அறிய வேண்டியவை, ஆற்ற வேண்டியவை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

   

ஆண்டுக் கூட்டத்தில் இமாம் மார்க்க உரை நிகழ்த்துவதே மரபு. இவ்வாண்டு ஒரு நோயைப் பற்றிப் பேச அனுமதி கோரினேன். நிர்வாகத்தினர் மனமுவந்து இசைந்தனர். வலிப்பு நோயே அது. மருத்துவர் பேச வேண்டிய பொருளை இமாம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் எளிது. இந்நோய் கண்டவரை மருத்துவரிடம் கொண்டு செல்வதற்கு முன்பே பள்ளிவாசலுக்கு அழைத்து வருவோர் நம்மிடையே பலர். மஃக்ரிப் தொழுகை முடிந்ததும் தண்ணீர்ச் செம்புடன் வாசலில் காத்து நிற்கும் தாய்மார்களை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அவர்கள் முதலில் நாடி வருவது எங்களைத்தான் என்னும்போது, அவர்களுக்குச் சரியான வழியைக் காட்டுவதும் எங்கள் மீது கடமையாகின்றது. எனவே மருத்துவ நூல்களைப் படித்தும், மருத்துவர்களைக் கேட்டும் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கின்றேன்.

வலிப்பு என்பது யாது?

அரபு மொழியில் இந்நோய்க்கு ‘ஸரஃ’ என்று பெயர். ‘வீழ்த்துதல்’ என்பது அச்சொல்லின் பொருள். நின்ற மனிதனை நொடியில் நிலத்தில் வீழ்த்துவதால் இப்பெயர் அமைந்தது. நம் ஊர்களில் காக்காய் வலிப்பு என்றும், இழுப்பு என்றும், குழந்தைகளுக்கு வந்தால் ஜன்னி என்றும் வழங்குவர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். முறையாகக் கண்டறிந்து மருந்தளித்தால் அவர்களுள் 70 விழுக்காடு வரையினர் வலிப்பின்றி வாழ இயலும் என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. ஆயினும் ஏழை நாடுகளில் பெரும்பாலானோர் அந்த மருந்தைப் பெறாமலே காலம் கழிக்கின்றனர். வறுமை ஒரு காரணம். அறியாமையும் அச்சமும் மற்றொரு காரணம்.

மூளை கோடிக்கணக்கான நரம்பணுக்களால் ஆனது. அவை நுண்ணிய மின் துடிப்புகளாலும், சில இரசாயனப் பொருள்களாலும் ஒன்றோடொன்று பேசிக் கொள்கின்றன. குளூட்டமேட் என்னும் பொருள் ஒரு நரம்பணுவைப் பேசத் தூண்டுகின்றது. காபா என்னும் பொருள் அதனை அமைதி காக்கச் செய்கின்றது. நல்ல சபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பார்; அவர் முடித்தபின் இவர் பேசுவார். தூண்டுதலும் அடக்குதலும் சமநிலையில் நிற்கும் வரை மூளை இந்த ஒழுங்கில் இயங்குகின்றது. தூண்டுதல் மிகுந்து, அடக்குதல் குறைந்து, ஒரு பகுதியின் நரம்பணுக்கள் யாவும் ஒரே நேரத்தில் ஒரே குரலில் கூச்சலிடத் தொடங்கினால் அதுவே வலிப்பு. அந்தக் கூச்சல் மூளை முழுவதும் பரவினால் நினைவிழந்து, உடல் விறைத்து, கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. சிறு பகுதியில் நின்றுவிட்டால் ஒரு கை மட்டும் துடிக்கலாம். அல்லது சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி இருக்கலாம். அதுவும் வலிப்பே.

அழற்சி செய்யும் வேலை

இனி உரையின் மையப் பொருளுக்கு வருவோம். காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கின்றது, வீங்குகின்றது, சுடுகின்றது, வலிக்கின்றது. உடலின் காவல் படையினர் அங்கு விரைந்து வந்து கிருமிகளோடு போரிடுவதன் அடையாளம் அது. இதனையே அழற்சி என்கின்றனர். இது இறைவன் உடலில் வைத்த பாதுகாப்பு ஏற்பாடு. இது இல்லையேல் சிறு காயமும் உயிரைக் கொண்டு போய்விடும். ஆனால் அதே ஏற்பாடு மூளைக்குள் அளவு கடக்கும்போது துன்பமாக மாறுகின்றது.

மூளைக்கென்று தனிக் காவலர்கள் உண்டு. மைக்ரோகிளியா என்று அவற்றுக்குப் பெயர். கிருமியோ, காயமோ, வேறு ஆபத்தோ நேர்ந்தால் இவை விழித்தெழுந்து சைட்டோகைன் எனப்படும் செய்திப் பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றுள் ஒன்று இன்டர்லூக்கின்-1 பீட்டா. இது நரம்பணுவின் மேலுள்ள ஏற்பியில் சென்று படிந்தால், குளூட்டமேட்டுக்குரிய ஒரு வாயில் அகலத் திறந்து கால்சியம் மிகுதியாக உள்ளே பாய்கின்றது. அதனால் அந்த நரம்பணு சிறு தூண்டுதலுக்கும் துடித்தெழுகின்றது. டி.என்.எஃப். ஆல்ஃபா என்பது மற்றொரு பொருள். இது குளூட்டமேட்டை ஏற்கும் வாயில்களை நரம்பணுவின் மேற்பரப்பில் பெருக்குகின்றது. அமைதி தரும் காபாவை ஏற்கும் வாயில்களை உள்ளிழுத்துக் குறைக்கின்றது.

இவை மட்டுமல்ல. நரம்பணுக்களுக்கிடையே தேங்கும் குளூட்டமேட்டையும் பொட்டாசியத்தையும் அகற்றித் தூய்மை செய்யும் ஆஸ்ட்ரோசைட் எனும் துணைச் செல்களும் அழற்சியின்போது தம் பணியில் தளர்கின்றன. இரத்தத்திலுள்ள பொருள்கள் மூளைக்குள் புகாதவாறு காக்கும் தடுப்பு கசிந்து, ஆல்புமின் போன்ற புரதங்கள் உள்ளே நுழைகின்றன. ஆக, பேசத் தூண்டுவோர் பெருகி, அடக்குவோர் குறைந்து, துப்புரவு செய்வோர் சோர்ந்து, கதவும் திறந்து கிடந்தால் அச்சபையின் நிலை என்னவாகும்? இத்தாலியின் மிலான் நகரிலுள்ள மாரியோ நெக்ரி ஆய்வு நிலையத்தில் அன்னமரியா வெட்ஸானி என்னும் பெண் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் இவ்வுண்மைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து தெளிவுபடுத்தியுள்ளனர்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அழற்சி வலிப்பைத் தூண்டுவது போலவே, வலிப்பும் அழற்சியைத் தூண்டுகின்றது. ஒவ்வொரு நீண்ட வலிப்புக்குப் பின்னும் காவல் செல்கள் மீண்டும் கிளர்ந்தெழுகின்றன. அது அடுத்த வலிப்புக்கு வழிகோலுகின்றது. ஆகவே, “இரண்டு முறைதானே வந்தது, தானாகப் போய்விடும்” என்று மருத்துவத்தைத் தள்ளிப் போடுவது அறிவுடைமையன்று. எனினும் எல்லா வலிப்புக்கும் அழற்சியே காரணம் என்று கொள்ளற்க. பிறவி மரபணுக் குறை, பிரசவ நேரத்தில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு, தலைக்காயம், பக்கவாதம், கட்டி எனப் பல காரணங்கள் உள்ளன. எது காரணம் என்பதை மருத்துவரே கூற இயலும்.

குழந்தைகளின் காய்ச்சல் வலிப்பு

6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வருகின்றது. காய்ச்சலை உண்டாக்கும் அதே இன்டர்லூக்கின்-1 பீட்டா இதிலும் பங்கு வகிக்கின்றது. அதன் ஏற்பி இல்லாமல் பிறந்த சுண்டெலிகளுக்கு உடல் வெப்பத்தை உயர்த்தினாலும் எளிதில் வலிப்பு வருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பெற்றோர் இதனைக் கண்டு நடுநடுங்கிப் போகின்றனர். ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் இது நின்றுவிடும். பெரும்பாலான குழந்தைகள் பிற்காலத்தில் வலிப்பு நோயாளி ஆவதில்லை. ஆயினும் முதன்முறை வலிப்பு வந்த குழந்தையை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, மயக்கம் தெளியாமை ஆகியவை இருப்பின் மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். அப்போது ஒரு மணி நேரத் தாமதமும் பேரிழப்பாகும். மந்திரித்துவிட்டுச் செல்வோம் என்று காத்திருத்தல் கூடாது.

பன்றி இறைச்சி உண்ணாதவரின் மூளையில் பன்றி நாடாப்புழு

தாய்மார்களே! இப்பகுதியைச் சற்று உன்னிப்பாகக் கேளுங்கள். இந்தியாவில் வலிப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று மூளையில் தங்கும் ஒரு புழுவின் நீர்க்கட்டி. பன்றி நாடாப்புழு என்பது அதன் பெயர். “நமக்கு ஹராமான உணவு அது, நமக்கு எப்படி வரும்?” என்று நீங்கள் வினவலாம். வரும். எப்படி என்று கூறுகின்றேன்.

சரியாக வேகாத, நோய்கண்ட பன்றி இறைச்சியை உண்பவரின் குடலில் நாடாப்புழு வளர்கின்றது. அதன் முட்டைகள் அவருடைய மலத்தில் வெளியேறுகின்றன. அவர் கழிவறை சென்றபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவைத் தொட்டாலும், திறந்தவெளியில் மலம் கழித்து அது காய்கறித் தோட்டத்திலோ குடிநீரிலோ கலந்தாலும், அந்த முட்டை எவர் வயிற்றுக்கும் செல்லலாம். அவர் ஆயுளில் பன்றி இறைச்சியைக் கண்ணாலும் காணாதவராக இருக்கலாம். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு இரத்தத்தின் வழியே சென்று மூளையில் நீர்க்கட்டியாகத் தங்கிவிடும்.

1992-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வைதிக யூத சமூகத்தைச் சேர்ந்த 4 பேருக்கு இந்நோயால் வலிப்பு வந்த செய்தி ஒரு மருத்துவ இதழில் வெளியாயிற்று. நம்மைப் போலவே பன்றி இறைச்சியை விலக்கி வாழ்வோர் அவர்கள். வீட்டுப் பணியாளர் வழியாக முட்டை பரவியிருக்கலாம் என்று ஆய்வாளர் முடிவுக்கு வந்தனர். இதைக் கூறுவது பணியாளரைப் பழிப்பதற்கன்று. அந்தத் தொழிலாளி தம் வயிற்றில் புழு இருப்பதையே அறியார். அவருக்குக் கழிவறையும் சோப்பும் சிகிச்சையும் கிடைக்காததே உண்மையான குற்றம்.

இனி இப்புழுவிலும் அழற்சியின் பங்கைக் காணுங்கள். உயிருள்ள நீர்க்கட்டி உடலின் காவலர்களுக்குத் தென்படாதவாறு பல ஆண்டுகள் மறைந்திருக்கின்றது. அப்போது பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. அது நலிந்து சாகத் தொடங்கும்போதுதான் உள்ளிருக்கும் பொருள்கள் கசிகின்றன. காவல் செல்கள் சூழ்ந்து கொள்கின்றன, சுற்றிலும் வீக்கம் உண்டாகின்றது, வலிப்பு வருகின்றது. இந்தியாவில் பணியாற்றித் தாயகம் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்து வலிப்பு வந்தது. அத்தகைய 450 நோயாளிகளைப் பற்றிய விரிவான அறிக்கை 1961-இல் லண்டனில் வெளியிடப்பட்டது.

நம் மாநிலத்திற்கும் இதில் பெருமைக்குரிய பங்குண்டு. வலிப்பு வந்தவர்களின் சி.டி. ஸ்கேனில் காணப்பட்ட சிறு புள்ளியை ஒரு காலத்தில் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக் கணக்கில் காசநோய் மருந்தளித்து வந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அப்புள்ளிகளை அறுவை மூலம் எடுத்து ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பாலானவை சாகும் நிலையிலுள்ள இப்புழுவின் கட்டிகளே என்று 1989-லும் 1991-லும் உலகுக்கு அறிவித்தனர். அதனால் எண்ணற்றோர் தேவையற்ற மருந்திலிருந்து தப்பினர்.

இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. வலிப்பு மருந்துடன், தேவைப்படுவோர்க்குப் புழுக்கொல்லி மருந்தும், அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டும் அளிப்பர். புழுவை மட்டும் கொன்றால் அழற்சி பெருகி வலிப்பு மிகுமாதலால் இதனை மருத்துவரின் கண்காணிப்பின்றிச் செய்தல் ஆகாது.

நமது மார்க்கம் தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசுகின்றது. ஐவேளை உளூச் செய்யும் சமுதாயம் நாம். ஆயினும் தண்ணீரால் மட்டும் கழுவும் கைக்கும் சோப்பிட்டுக் கழுவும் கைக்கும் வேறுபாடு உண்டு. இஸ்திஞ்சாவுக்குப் பின் சோப்பு, சமைக்குமுன் சோப்பு, பச்சையாக உண்ணும் காய்கனிகளை நன்கு கழுவுதல் ஆகிய மூன்றையும் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

ஜின் பிடித்ததா, மூளை அழற்சியா?

இனி நான் சொல்வது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். நன்றாக இருந்த இளம்பெண் திடீரென்று உறக்கமிழக்கின்றாள், பொருளற்றுப் பேசுகின்றாள், இல்லாதவற்றைக் கண்டு அலறுகின்றாள், முகம் கோணுகின்றது, சில நாளில் வலிப்பும் வருகின்றது. இதனைக் காணும் குடும்பத்தார் ஜின் பிடித்துவிட்டது என்றே முடிவு செய்கின்றனர். 2007-இல் ஜோசப் டால்மௌ என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதே அறிகுறிகளைக் கொண்ட ஒரு நோயை அடையாளம் கண்டு விளக்கினர். உடலின் எதிர்ப்பாற்றல் தவறுதலாகத் தன் மூளையின் குளூட்டமேட் வாயில்களையே தாக்குவதால் வரும் அழற்சி அது. இளம்பெண்களுக்கு மிகுதியாக வருகின்றது. சிலருக்குச் சினைப்பையில் உள்ள கட்டியே அதற்கு மூலகாரணம். தண்டுவட நீரையும் இரத்தத்தையும் சோதித்து இதனை உறுதி செய்யலாம். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உரிய காலத்தில் அளித்தால் பெரும்பாலோர் நல்ல நிலைக்குத் திரும்புகின்றனர். காலம் கடந்தால் உயிரும் போகலாம். அப்பெண்ணை அறையில் பூட்டியும், கட்டி வைத்தும், அடித்தும் ‘ஓட்டுவது’ எவ்வளவு பெரிய அநீதி என்று சிந்தியுங்கள்.

ஜின்கள் உண்டு என்பது நமது நம்பிக்கை, அதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு நோயையும் அதன் மேல் சுமத்தும்படி மார்க்கம் சொல்லவில்லை. இமாம் இப்னுல் கைய்யிம் (ரஹ்) அவர்கள் ‘ஜாதுல் மஆத்’ நூலில் ஸரஃ இருவகை என்று பகுத்து, உடலின் தன்மைக் கோளாறால் வருவது மருத்துவர்கள் ஆராயும் வகை என்று தெளிவாகவே ஏற்றுள்ளார்கள். அவர்களுக்கு முன்பே இப்னு ஸீனா தமது ‘அல்கானூன்’ நூலில் இதனை மூளை நோய்களுள் வைத்து எழுதினார். முன்னோர் தெளிந்திருந்ததில் நாம் மயங்கலாமா?

நபிமொழி காட்டும் பாடம்

வலிப்பு நோயுற்ற ஒரு கறுப்பினப் பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பொறுமை காத்தால் சுவனம் உண்டு என்றும், விரும்பினால் நலம் வேண்டிப் பிரார்த்திப்பதாகவும் நபியவர்கள் கூறினார்கள். அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பு வரும்போது தம் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்ய வேண்டினார். நபியவர்களும் துஆச் செய்தார்கள். பிற்காலத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அப்பெண்ணைச் சுட்டிக்காட்டி, சுவனத்துப் பெண் என்று தம் மாணவர் அதாவுக்கு அறிமுகப்படுத்தினார்கள்.

இதில் இரு பாடங்கள் உள்ளன. அந்நோயை அவருடைய பாவத்தின் தண்டனை என்று நபியவர்கள் கூறவில்லை. எவரும் அவரை ஒதுக்கவுமில்லை. இது முதற்பாடம். அவருடைய பெருங்கவலை நோயைப் பற்றியதன்று, மானத்தைப் பற்றியது. வீழ்ந்து கிடப்பவரின் ஆடையைச் சரிசெய்து மறைப்பது நம் கடமை. சுற்றி நின்று செல்போனில் படமெடுப்பது பெரும் பாதகம். இது இரண்டாம் பாடம். இந்நபிமொழியைக் காட்டி மருத்துவம் வேண்டாம் என்று வாதிடுவோர்க்கு ஒன்று சொல்வேன்: மருத்துவம் செய்து கொள்ளுமாறு நபியவர்களே ஏவியிருப்பது அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது. துஆவும் மருந்தும் ஒன்றையொன்று தடுப்பவையல்ல. ஓதிப் பார்க்க வருவோர்க்கு நாங்கள் ஓதுவோம். அதே நாளில் மருத்துவரிடமும் செல்லுங்கள்.

மருந்தும் நோன்பும் திருமணமும்

வலிப்பு மருந்தை ஒரு வேளையும் விடலாகாது; திடீரென நிறுத்துவது பேராபத்து. அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அழற்சி என்று கேட்டவுடன் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு வாங்கி உண்ண எவரும் துணிய வேண்டா. குறிப்பிட்ட சில நிலைகளுக்கு மட்டுமே அது உரியது; தவறாக உண்டால் சர்க்கரை, எலும்புத் தேய்வு, தொற்று எனப் பல கேடுகள் விளையும்.

ரமளானில் மருந்து நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற இயலுமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். உறக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டும் என்பதை மறவாதீர். நோன்பு தீங்கு தரும் என்று மருத்துவர் கூறினால் ஷரீஅத் அளித்த சலுகையை ஏற்று, நலமானபின் களாச் செய்யுங்கள். நீங்கா நோயாயின் ஃபித்யா கொடுங்கள். அல்லாஹ் அளித்த சலுகையை மறுப்பது தக்வா ஆகாது.

1999 வரை இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. அவ்வாண்டுத் திருத்தம் அதனை நீக்கிற்று. நமது ஷரீஅத்தில் அத்தகைய தடை இல்லை. ஆனால் நமது மனத்தில் இருக்கின்றது. பெண் வீட்டார் நோயை மறைப்பதும், தெரிந்தபின் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைத் திருப்பி அனுப்புவதும் அதன் விளைவு. மறைக்காமல் சொல்லுங்கள், கேட்டவர்கள் வெறுக்காமல் ஏற்றுக் கொள்ளுங்கள். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். ஆகவே மருந்துண்ணும் பெண்கள் கருத்தரிக்குமுன் மருத்துவரிடம் ஆலோசிப்பது கட்டாயம். இதுவும் மறைத்தால் நடவாத காரியம்.

அருகில் இருப்பவர் செய்ய வேண்டியவை

கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாக நிற்கும் நேரத்தில் சாவி பெயர் வாங்கிக் கொள்கின்றது. வலிப்பு கண்டவரைச் சுற்றியுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். தலைக்கடியில் மெதுவான துணியை வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ வைக்காதீர். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பாமலே மீண்டும் வந்தாலும், கர்ப்பிணிக்கு வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்கள்

நிர்வாகக் குழுவினர் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, பள்ளிவாசல், மதரஸாக் கழிவறைகளில் எந்நேரமும் சோப்பு இருக்க ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாவது, ஸ்கேன் எடுக்கவும் மருத்துவமனைக்குச் சென்று வரவும் இயலாத வலிப்பு நோயாளிகளுக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவுங்கள். அவர்கள் பெயர் வெளியில் தெரிய வேண்டா. மூன்றாவது, மக்தப் உஸ்தாதுமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் ஒருவரைக் கொண்டு முதலுதவி கற்பியுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை வீழ்ந்தால் மற்ற பிள்ளைகள் பயந்து ஓடாமல் உதவிக்கு வர வேண்டும்; மறுநாள் அப்பிள்ளை தலைகுனியாமல் வந்து அதே இடத்தில் அமர வேண்டும்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! நோயாளியின் மானம் காக்கும் மக்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.